கரியை நெய்யலாமா?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழுதாகிப்போன மின்வழங்கி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்த பச்சை நிறச் சுற்றுப் பலகை கை தவறிக் கீழே விழுந்து மூலையில் உடைந்தது. பக்கத்தில் நின்ற முதலாண்டு மாணவன் உடைந்த விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குள்ள துணி இருக்கு!" என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்னது முற்றிலும் உண்மை. வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி, கணிப்பொறி என்று எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் பலகை பெரும்பாலும் கண்ணாடி நூலால் நெய்த துணியே. அதை எபாக்ஸிப் பிசினில் தோய்த்து, சில அடுக்குகளாக வைத்து, சூடாக்கி அழுத்தினால் பலகை கிடைத்துவிடும். மேலே ஒட்டிய செம்புத் தகடும் பச்சைப் பூச்சும் துணியை மறைத்துவிடுகின்றன.

கண்ணாடியை யார் நெய்தார்கள், எப்படி நெய்தார்கள், எதற்காகத் துணியாக நெய்ய வேண்டும் என்று அந்த மாணவன் அடுக்கடுக்காகக் கேட்டான். பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. என் வீடு தில்லை நகரில். அங்கிருந்து உறையூர் கூப்பிடு தூரம். நெசவைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல இடம் ஏது? கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வணிகக் குறிப்பு ஒன்று, அர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த அர்கரு நம் உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1960-களில் உறையூரில் அகழ்ந்தபோது பழைய சாயத் தொட்டி ஒன்றைக் கண்டெடுத்தார்கள். இன்று எல்லாத் தெருக்களிலும் தறிச் சத்தம் கேட்பதில்லை. கேட்கும் தெருக்களும் இருக்கின்றன.

அப்படி ஒரு வீட்டில், குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் உடைந்த பலகையைக் கொடுத்தேன். பச்சைப் பூச்சைச் சுரண்டி வைத்திருந்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு மடக்கு லென்சை எடுத்தார். துணியின் இழை நெருக்கத்தை எண்ணுவதற்கென்றே செய்த லென்சு அது. அடியில் ஓர் அங்குலச் சதுரத் துளை இருக்கும். ஊசி முனையால் ஒவ்வோர் இழையாகத் தள்ளுவதுபோல் பாவனை செய்து எண்ணினார்.

"பாவு நாப்பத்து நாலு. ஊடை முப்பத்திரண்டு. சாதா நெசவுதான் சார். பாவு நெருக்கம், ஊடை கொஞ்சம் கம்மி. நூல் என்ன நூல்?"

"கண்ணாடி நூல் ஐயா."

அவர் வியப்படையவில்லை. நான் இன்னொன்றையும் கொண்டுபோயிருந்தேன். பொறியியல் கல்லூரியில் பணியாற்றும் நண்பர் தந்த கரி இழைக்கற்றை, முழ நீளம். வாரிவிட்ட கூந்தலைப்போல் கறுத்து மின்னும். இதைத் துணியாக நெய்துதான் விமானம் செய்கிறார்கள் என்றேன். நெசவாளி புது நூலைப் பார்த்தால் என்ன செய்வார்? விரலால் நீவினார். முறுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். பொட்டென்று முடிச்சிலேயே அறுந்துவிட்டது.

"ஒரு முடிச்சுக்கே தாங்கலையே சார். இதுலயா ஏரோப்பிளேன் செய்யறாங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில்.

மெலிந்தால் வலிமை

முதலில் அந்தக் கற்றையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கற்றையில் 3,000 தனி இழைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 7 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீளக் கற்றையின் எடை 0.2 கிராம். இதே கற்றையைப் பிசினில் நனைத்து இறுகவைத்து, நேராகத் தொங்கவிட்டால் சுமார் 40 கிலோவைத் தாங்கும்! எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தொங்கவிடலாம். நம்ப முடியாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3,500 நியூட்டன், 3,000 இழைகளின் மொத்தக் குறுக்குப் பரப்பு 0.115 சதுர மில்லிமீட்டர்.

இழைக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய அறிஞர் இதற்கு விடை கண்டார். அவர் கண்ணாடியை உருக்கி, மெல்லிய இழைகளாக நீட்டி, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் வலிமை ஏறிக்கொண்டே போயிற்று. சாதாரணக் கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். விசை முழுவதும் கீறலின் முனையில் குவிந்து அதை நீளச் செய்கிறது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. அப்படியே ஓர் இழை அறுந்தாலும் வெடிப்பு அந்த இழையோடு நின்றுவிடும்; அடுத்த இழைக்குத் தாவாது.

கரி இழைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் கரி அணுக்களின் அடுக்குகள் பெரும்பாலும் இழையின் நீளவாக்கிலேயே அமைந்திருக்கின்றன. அதனால் அதன் யங் குணகம் 230 கிகா பாஸ்கல், எஃகுக்கு 200. அடர்த்தியோ எஃகின் கால் பங்குக்கும் குறைவு. எடிசன் 1879-இல் மின்விளக்கு செய்தபோது பருத்தித் தையல் நூலைக் கரியாக்கி ஒளிரவிட்டார். அந்த நூல் தொட்டால் நொறுங்கும். இன்றைய கரி இழைக்கு மூலப்பொருள் பாலிஅக்ரைலோநைட்ரைல். செயற்கைக் கம்பளிச் சட்டையின் நூலுக்கு நெருங்கிய உறவு. அதை இழுத்துப் பிடித்தபடியே முதலில் 200 முதல் 300 டிகிரி வரை காற்றில் வாட்டுகிறார்கள்; பிறகு காற்றில்லாமல் நைட்ரஜன் வாயுவில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். இழுத்துப் பிடிப்பதில்தான் சூட்சுமம். பிடி தளர்ந்தால் அணு அடுக்குகள் ஒழுங்கு குலைந்துவிடும்.

சரி, முடிச்சில் ஏன் அறுந்தது? ஒரு கம்பியை வளைத்தால் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும். வெளிப்பக்கத்துத் திரிபு என்பது கம்பியின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. கரி இழை 1.5 விழுக்காடு நீண்டால் அறுந்துவிடும். இழையின் ஆரம் 3.5 மைக்ரான். ஆகவே 0.23 மில்லிமீட்டர் ஆரம் வரையில் அதை வளைக்கலாம். அதற்குமேல் வளைத்தால் ஒடியும். இறுக்கிய முடிச்சு அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதே பொருளில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி செய்தால் 23 சென்டிமீட்டர் ஆரத்திலேயே ஒடிந்துபோகும். மெலிவாக இருப்பதால்தான் கரியை நெய்யவே முடிகிறது.

பெரியவரின் சோதனை நூலைச் சோதித்தது. விமானத்துக்கு வேண்டியது நூல் மட்டுமன்று. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? துவண்டுவிடும். இழைகளைச் சுற்றிப் பிசின் இறுகினால் அவை துவளாமல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். விசை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குக் கைமாறும். இழையும் பிசினும் சேர்ந்த இதைத்தான் கூட்டுப்பொருள் என்கிறோம். இழை நேராக இருக்கும் திசையில் மட்டும் அதற்கு அபார பலம். மற்றத் திசைகளில் வெறும் பிசினின் பலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

வளைவுக்கு ஒரு விலை

இங்கேதான் நெசவாளிக்கும் பொறியாளருக்கும் வழக்கு தொடங்குகிறது.

துணியாக நிற்க வேண்டுமானால் பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் நூல் வளையும். வேட்டிக்கோ புடவைக்கோ அந்த வளைவு ஒரு வரம்: நூல் நழுவாது, துணி மென்மையாக இருக்கும். கூட்டுப்பொருளுக்கு அதே வளைவு ஒரு நட்டம். வளைந்த நூல் விசையின் திசைக்குச் சாய்ந்து கிடக்கிறது.

சாய்வு கொஞ்சமாக இருந்தால் நட்டமும் கொஞ்சம்தானே என்று நினைப்பீர்கள். வழக்கமான கரி இழை எபாக்ஸித் தகடு ஒன்றை, எல்லா இழைகளும் ஒரே திசையில் இருக்குமாறு செய்து, இழையின் நீளவாக்கில் இழுத்தால் அதன் யங் குணகம் 135 கிகா பாஸ்கல் அளவில் இருக்கும். 10 டிகிரி சாய்வாக இழுத்தால் 80-க்குக் கீழே வந்துவிடும். 45 டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தள்ளும் விசையில் நிலைமை இன்னும் மோசம். ஏற்கெனவே வளைந்திருக்கும் இழை மேலும் வளைந்து துவளவே பார்க்கும்.

ஒரு மீட்டர் துணி நெய்ய ஒரு மீட்டர் பாவு போதாது என்பது எந்த நெசவாளிக்கும் தெரியும். ஏறி இறங்குவதில் கொஞ்சம் நீளம் போய்விடும். மீட்டருக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலின் பாதை சைன் வளைகோடு என்றால், ஏறி இறங்கும் இடத்தில் அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கும்? உயர் வகுப்பு மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். விடை 11 டிகிரிக்குச் சற்று மேல்! நீளத்தில் நூற்றில் ஒரு பங்குதான் கூடியது, சாய்வு இவ்வளவு. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது தப்பு செய்துவிட்டேனோ என்று இருமுறை சரிபார்த்தேன்.

ஆகவே பொறியாளர் நெசவாளியிடம் கேட்பது இதுதான்: நூல் கலையக் கூடாது, ஆனால் முடிந்தவரை நேராக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. எவ்வளவுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று பேரம் பேச வேண்டியதுதான்.

பேரத்துக்குத் தறியில் வழி உண்டு. சாதா நெசவில் நூல் ஒன்றின்மேல் ஏறி, ஒன்றின்கீழ் இறங்கும். நீலச் சாயத்து ஜீன்ஸ் துணியில் சாய்ந்த வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ட்வில் நெசவு. கரித் துணிக்கு அதில் பெரிதும் எடுப்பது இரண்டின்மேல் இரண்டின்கீழ் என்ற வகை. சாட்டின் நெசவில் நூல் ஏழின்மேல் மிதந்துபோய் எட்டாவதன்கீழ் ஒருமுறை இறங்கும். எட்டுக் குறுக்கீட்டில் ஒரே ஒரு முழுக்கு. நூல் பெரும்பாலும் நேராகவே போகிறது. பட்டுச் சாட்டின் பளபளப்பதற்கும் இதுவே காரணம். நீண்டு மிதக்கும் நூல் ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புகிறது. பளபளப்புக்காகப் பிறந்த நெசவு விறைப்புக்காக விமானத்தில் ஏறியது.

சாட்டினில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து, எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து நூலின் திசையில் இழுங்கள். நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள். நன்றாக நீளும், நடுவில் ஒடுங்கும். நூல் எதுவும் நீளவில்லை. நூல்களுக்கு இடையே இருந்த செங்கோணம்தான் கத்தரிக்கோல்போல் மூடிக்கொண்டது. இனி ஒரு வட்டக் கிண்ணத்தைக் கவிழ்த்து, முதலில் ஒரு தாளால் மூடுங்கள். பிறகு கைக்குட்டையால் மூடுங்கள். தாள் மடிந்து சுருங்கும். துணி கோணத்தை மாற்றிக்கொண்டு உருண்டையின்மேல் படிந்துவிடும். விமானத்தின் மூக்கும் இறக்கையின் விளிம்பும் தட்டையாகவா இருக்கின்றன? துணி வேண்டும் என்பதற்கு இது பெரிய காரணம். குறுக்கீடு குறைந்த சாட்டின் சாதா நெசவைவிட எளிதில் படியும். ஆனால் வெட்டினால் ஓரம் உதிரும். கையாளும்போது நூல் விலகிவிடும். மேலும், படியும் இடத்தில் நூல்களின் கோணம் மாறிவிடுகிறதல்லவா? 10 டிகிரி என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். ஒவ்வொரு வளைவிலும் கோணம் எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கணக்கிட்ட பிறகே துணியை வெட்டுகிறார்கள்.

நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானம் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ஆம் நாள், பெங்களூரில். அதன் உடற்கட்டின் எடையில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருள். வெளிப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கரி இழைதான். அந்த விமானங்களின் முதற்படை 2018-இல் கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது. சூலூர் வட்டாரம் விசைத்தறிக்குப் பேர்போனது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கஞ்சியும் முறுக்கும்

"தறியில ஏத்துனா இது நிக்குமா?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பருத்தி நூல் அச்சிலும் விழுதிலும் உராய்ந்து பிசிர் விடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுகிறோம். கண்ணாடி நூலுக்கும் கஞ்சி உண்டு! ஸ்டார்ச்சும் எண்ணெயும் கலந்த பூச்சு போட்டுத்தான் நெய்கிறார்கள். நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சி வேண்டாத பொருளாகிவிடும். பிசினைக் கண்ணாடியில் ஒட்டவிடாது. சலவை செய்தால் போதாது. துணியை அடுப்பில் சுட்டுக் கஞ்சியை எரித்துவிடுகிறார்கள். கண்ணாடி எரியாதல்லவா! பிறகு சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசுகிறார்கள். அதன் மூலக்கூற்றின் ஒரு முனை கண்ணாடியையும் மறுமுனை பிசினையும் பற்றிக்கொள்ளும். கரி இழைக்கு எபாக்ஸியோடு ஒத்துப்போகும் பூச்சையே முதலில் போட்டுவிடுகிறார்கள்; எரிக்கும் வேலை மிச்சம்.

முறுக்கு விஷயத்தில் பழக்கம் தலைகீழாகிறது. பருத்தியில் முறுக்கினால்தான் நூல். கரிக் கற்றையில் முறுக்கே கூடாது. முறுக்கினால் இழைகள் சாய்ந்துவிடும், பிசினும் உள்ளே நுழையாது. சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். நூலுருளையை அசையாமல் நிறுத்தி அதன் தலைப்பக்கமாக நூலை உருவினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு தானாகவே ஏறிவிடும். ஒரு காகித நாடாச் சுருளை எடுத்து அப்படி உருவிப் பாருங்கள், தெரியும். ஆகவே கரி நெசவில் ஒவ்வோர் உருளையும் தன் அச்சில் சுழன்று நூலை விட வேண்டும். நூற்றுக்கணக்கான உருளைகளும் ஒரே இழுப்பில், ஒரே அளவாக. ஒன்று தளர்ந்தால் துணியில் அந்த நூல் மட்டும் அலையலையாக நிற்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உடைந்த கரித் துணுக்குகள் தூசாகப் பறக்கும். கரி மின்கடத்தி. தூசு மோட்டாருக்குள் புகுந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். அதனால் கரித் தறிகளில் மோட்டாரையும் மின்பெட்டியையும் காற்றுப் புகாமல் மூடி வைப்பார்கள்.

ஒரு கோழி செய்த வேலை

துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் ஊற்றினால் தகடு. முதல் அடுக்கு நேராக, அடுத்தது 45 டிகிரியில், அடுத்தது குறுக்கே என்று மாற்றி மாற்றி அடுக்கினால் எல்லாத் திசைக்கும் பலம் கிடைக்கும். உண்மையில் எல்லாத் திசைக்குமா? தகட்டின் தடிமன் வழியாக ஒரு நூலும் போகவில்லையே! அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் இருப்பது பிசின் மட்டும். புத்தகத்தைத் தாளின் நீளத்தில் இழுத்துக் கிழிக்க முடியாது. பக்கங்களைப் பிரிப்பதோ குழந்தைக்கும் எளிது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கோழி காட்டிக்கொடுத்தது. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1960-களின் இறுதியில் ஆர்.பி. 211 என்ற ஜெட் எஞ்சினை வடிவமைத்தது. முன்னால் சுழலும் பெரிய விசிறியின் இதழ்களைக் கரி இழையில் செய்தார்கள். எடை வெகுவாகக் குறைந்தது. விமானம் புறப்படும்போது பறவை உள்ளே போனால் எஞ்சின் தாங்க வேண்டும் என்பது விதி. அதைச் சோதிக்கச் செத்த கோழியைப் பீரங்கிபோன்ற கருவியால் சுழலும் விசிறிக்குள் எறிவார்கள். 1970-இல் நடந்த அந்தச் சோதனையில் கரி இதழ்கள் சிதறிப்போயின. இதழ்களை டைட்டானியத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே அந்த எஞ்சினுக்கான செலவு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. 1971 பிப்ரவரியில் உலகப் புகழ்பெற்ற அந்நிறுவனம் திவாலானது. அரசாங்கம் எடுத்து நடத்த நேர்ந்தது. எல்லாப் பழியையும் கோழியின் தலையில் போடுவது முறையன்று. என்றாலும் நல்ல அடி.

கரி விசிறி மீண்டும் வர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ஜி.இ. 90 எஞ்சினில் கரி இதழ்களைப் பயன்படுத்தியது. 1995-இல் அது பயணிகளைச் சுமந்தது. அதுவும் அடுக்கி ஒட்டிய இதழ்தான். பிசின் முன்னைவிடக் கெட்டியானது. இதழின் முன் விளிம்பில் டைட்டானியக் கவசம்.

மற்றொரு வழி, தடிமன் வழியாகவும் நூலை ஓட்டிவிடுவது. ஓர் அடுக்கின் பாவு நூல் கீழே இறங்கி அடுத்த அடுக்கின் ஊடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே வந்தால் அடுக்கு என்ற பேச்சே இல்லை. முழுக் கட்டையாகவே நெய்துவிடலாம். இதற்கு ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியே தூக்கவும் இறக்கவும் தெரிந்த தறி வேண்டும். அப்படி ஒரு பொறியைப் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் செய்துவிட்டார். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவையின் கரையில் மயிலும் அன்னமும் போடுவது அந்தப் பொறியால்தான். அந்த ஜக்கார்டுத் தறியின் இன்றைய கணிப்பொறி வடிவத்தில் விசிறி இதழ் நெய்யப்படுகிறது. பிரான்சின் சஃப்ரான் நிறுவனமும் அமெரிக்காவின் ஆல்பனி நிறுவனமும் சேர்ந்து லீப் என்ற எஞ்சினுக்காக இதைச் செய்கின்றன. இதழ் அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்க வேண்டுமல்லவா? தறியிலேயே அப்படி நெய்து, அச்சுக்குள் வைத்து மூடி, பிசினை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். முன் விளிம்புக்கு இங்கும் டைட்டானியம்தான். ஏறத்தாழ 2 மீட்டர் விட்டமுள்ள விசிறிக்கு 18 இதழ்களே போதும். 2016 முதல் ஏர்பஸ் ஏ320 நியோ விமானங்களில் இந்த எஞ்சின் பறந்துகொண்டிருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. இறங்கி ஏறும் நூல் வளைகிறது. வளைந்த அளவுக்கு நீளவாக்கு விறைப்பு குறைகிறது. பறவை அடிக்குத் தாங்க வேண்டிய இதழுக்கு அது இலாபமான பேரம். இறக்கைத் தகட்டுக்கு அப்படியன்று.

நெய்யாத துணி, கடலோரத் துணி

பேரத்தின் மறு கோடியையும் பார்த்துவிடுவோம். சென்னைச் சாலையில் நீண்ட வெள்ளை இறக்கைகளைச் சுமந்து தெற்கே போகும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முப்பந்தல் பக்கம் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகள் அவை. அவற்றில் பெரும்பகுதி கண்ணாடி இழை. இறக்கை தன் எடையாலும் காற்றாலும் வாழ்நாள் முழுவதும் ஒரே திசையில் மேலும் கீழும் வளைந்துகொண்டே இருக்கிறது. அங்கே நூல் நேராக இருந்தே ஆக வேண்டும். எனவே நெய்வதையே விட்டுவிட்டார்கள்! கற்றைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, மெல்லிய பாலியெஸ்டர் நூலால் தைத்துவிடுகிறார்கள். சுமை தாங்கும் நூல் வளைவதே இல்லை. பார்ப்பதற்குத் துணிபோலவே இருக்கும். ஆனால் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் போனால் இன்னொரு காட்சி. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கட்டுமரங்களையும் படகுகளையும் அழித்தது. அதன் பிறகு கரையில் மிகுதியாக வந்தவை கண்ணாடி இழைப் படகுகள். அவற்றில் தடித்த கற்றையால் நெய்த முரட்டுத் துணி ஓர் அடுக்கு, வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிய பாய் ஓர் அடுக்கு என்று மாற்றி வைத்து, பாலியெஸ்டர்ப் பிசினைத் தூரிகையால் பூசி, உருளையால் அழுத்துவார்கள். இந்தத் துணியில் வளைவு ஏராளம். விமானக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் படகு அலையில் அடிபட்டு மணலில் இழுபடுவது. எடையில் நூறு கிராம் கூடினால் யாரும் அழப்போவதில்லை. துணி மலிவாகவும் கையால் எளிதில் படிவதாகவும் இருந்தால் போதும். அங்கே கவலை வேறு. முரட்டுத் துணியின் பள்ளங்களில் காற்று தங்கிவிட்டால் அந்த இடத்தில் பிசின் ஏறாது. வெளியே வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. உப்பு நீர் உள்ளே புகுந்து, அடுக்குகள் மெல்லப் பிரியத் தொடங்கும். கரையிலிருந்து பத்து மைல் தள்ளி நிற்கும் மீனவருக்கு அந்த உருளையை ஓட்டியவரின் பொறுமைதான் உயிர்க்காப்பு.

இவ்வளவையும் பெரியவரிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாலைகள் ஆயிற்று. முடிச்சுப் போடாமல் எப்படி நெய்வது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அறுந்த கற்றையின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, வேகமான காற்றைப் பாய்ச்சி இழைகளைப் பின்னிவிடுகிறார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். பழைய பாவோடு புதுப் பாவைச் சேர்க்கும்போது அவர்கள் வீட்டிலும் முடிச்சுப் போடுவதில்லையாம். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு நுனிகளையும் சேர்த்து உருட்டிவிடுவார்களாம். முடிச்சு அச்சில் மாட்டிக்கொள்ளும் என்றார். "அன்னிக்கு முடிச்சுப் போட்டது நூலைச் சோதிக்கத்தான் சார். நெய்யறதுக்கு யார் முடிச்சுப் போடுவா?"

பிறகு சுற்றுப் பலகைத் துணிகளின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். அந்தத் துணிகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண்கள் உண்டு. மிகப் பரவலாகப் புழங்குவது 7628 என்ற ரகம். சாதா நெசவு; அங்குலத்துக்குப் பாவு 44, ஊடை 31. சில பழைய பட்டியல்களில் ஊடை 32 என்று இருக்கிறது. அடுத்த முறை போனபோது பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

அவர் லென்சை எடுத்து மறுபடி எண்ணினார். "பழைய பட்டியல்தான் சரி" என்றார்.